புதுப்பிப்பு: சுங்கை சிப்புட்டில் (மலேசியா) கட்டும் வீடு, கூரை வரைக்கும் வந்தாச்சு

முன்வாசல் தூணில் கம்பி தெரிகிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி பூச்சு வேலையை நிறுத்திவிட்டோம். கண்ட்ராக்டர் முணுமுணுத்தார்தான். ஆனால் பொறியாளர் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொத்தலான இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டு, சுருங்காத கிரௌட் (இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவை) ஊற்றச் சொன்னார். அப்புறம் அது சீக்கிரம் காய்ந்துவிடாமல் 7 நாளும் ஈரச் சாக்கு சுற்றியது என் மனைவி. வேலைக்குப் போகும்முன் ஒரு வாளி, வந்ததும் ஒரு வாளி. (கான்கிரீட்டின் பலத்துக்கு 28 நாள் கணக்கு என்று இப்போது எனக்கே பாடம் எடுக்கிறார்.)

கூரைச் சட்டம் ஏறியாயிற்று. சாயங்கால மழை ஓயும்வரை ஓடு காத்திருக்கிறது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்த அம்மா நேற்று வந்து சமையலறைச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அடுப்படிக்கு இவ்வளவு வெளிச்சமா?” என்றார். அந்தச் சன்னலுக்குக் கிரில் அளவு இன்னும் கொடுக்கவில்லை.