ஹூஸ்டனில் வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க அனுமதி வேணுமா?

பெல்லேர்வாசி:
சனிக்கிழமை மதியம் டவுன்டவுனில் 40 பேருக்கு எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கொடுக்கலாம்னு எங்க குழுவில் பேச்சு. நூலகத்து வாசலில் கொடுத்தா போலீஸ் டிக்கெட் எழுதும்னு ஒருத்தர் சொல்றார். டிக்கெட் எழுதக் கூடாதுன்னு 2024-ல் கோர்ட்டே தடை போட்டாச்சு, தைரியமா போகலாம்னு இன்னொருத்தர். எது சரி?

சட்டப்புள்ளி:
ரெண்டு பேர் சொல்றதும் பாதிதான். 2012-ல் வந்த நகரச் சட்டப்படி, வெளியிடத்தில் 5 பேருக்கு மேல் இலவசமா சாப்பாடு கொடுத்தா இடத்துக்காரரோட எழுத்துமூல சம்மதம் முன்கூட்டியே கையில் இருக்கணும். தனியார் இடத்துக்கும் இதே விதிதான். நகர நிர்வாகத்தோட இடம்னா அவங்ககிட்டயே வாங்கணும்.

2023-ல் நகரம் கெடுபிடி காட்ட ஆரம்பிச்சது. மத்திய நூலகத்து வாசலில் வேண்டாம், 61 ரீஸ்னர் தெரு பார்க்கிங்குக்குப் போங்கன்னாங்க. அங்கே சாப்பாடு கொடுத்துட்டிருந்த ஃபுட் நாட் பாம்ஸ் என்கிற தன்னார்வக் குழு நகரலை. டிக்கெட் மேல டிக்கெட். அந்தக் குழு போட்ட வழக்கில்தான் 2024 பிப்ரவரியில் ஃபெடரல் கோர்ட், நகரம் டிக்கெட் எழுதக் கூடாதுன்னு இடைக்காலத் தடை கொடுத்தது. அதை நம்பி நீங்க வண்டியைக் கிளப்பாதீங்க.

ஏன்னா அந்தக் குழுவோட வாதம் 'பசிக்கு சோறு போடுறோம்' என்பதில்லை. பொது இடத்தில் சேர்ந்து சாப்பிடுறதே எங்க அரசியல் பேச்சு என்பது. இதே வாதம் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் 2018-ல் அப்பீல் கோர்ட்டில் ஜெயிச்சது. அதே அப்பீல் கோர்ட் 2011-ல் ஆர்லாண்டோவோட விதி செல்லும்னு சொல்லியிருக்கு: 25 பேர் அல்லது அதுக்கு மேல்னா பெர்மிட், அதுவும் ஒரு பூங்காவுக்கு வருஷத்தில் ரெண்டு தடவைதான். டல்லஸில் 2013-ல் சாப்பாடு கொடுத்தவங்க ஜெயிச்சது மத சுதந்திரச் சட்டத்தை வெச்சு. வெறும் தர்மம்னு போய் நின்னா கோர்ட்டில் எடை குறைவு.

பந்திக்காரர்:
சுலபமான வழி, டவுன்டவுன் சர்ச் ஏதாவது ஒண்ணோட பார்க்கிங் இடத்தைக் கேளுங்க. அவங்க தர்ற சம்மதக் கடிதத்தில் முகவரி, தேதி, நேரம், கையெழுத்து, ஃபோன் நம்பர் எல்லாம் இருக்கட்டும். அன்னிக்கு ஒரு பிரதியை வண்டியிலயே வைங்க.

இனி சாப்பாடு. தலைக்கு 100 கிராம் அரிசி, ஆக 4 கிலோ. ராத்திரியே வடிச்சு அண்டாவோட மூடி வைக்கிற பழக்கம்தான் ஆபத்து. சோத்தில் இருக்கிற பேசில்லஸ் சீரியஸ் கிருமியோட வித்து கொதியில் சாகாது. சோறு மெதுவா ஆறும்போது பெருகி விஷம் கக்கும். காலையில் சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. அதனால அன்னிக்குக் காலையிலயே வடிங்க, சூடா ஹாட் பாக்ஸில் அடைங்க. தெர்மாமீட்டரை நடுவில் குத்திப் பாருங்க, ஓரத்தில் இல்லை: 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது. தயிர் சாதம்னா ஐஸ் பெட்டியில் 5 டிகிரிக்குள்ள இருக்கணும். ஹூஸ்டன் கோடையில் வெளியே 32 டிகிரியைத் தாண்டினா பெட்டியை விட்டு எடுத்த சாப்பாட்டுக்கு ஆயுசு 1 மணி நேரம்தான். என்னைக் கேட்டா ஜூன், ஜூலையில் தயிர் சாதமே வேண்டாம்.

எலுமிச்சை சாதத்தில் வேர்க்கடலையை விட்டுடுங்க. அலர்ஜி ஒருபக்கம், தெருவில் இருக்கிற பலருக்குப் பல் சரியில்லை, கடலையும் வறுத்த கடலைப்பருப்பும் கடிக்க முடியாது. காய்ஞ்ச மிளகாயைப் பொறுக்கி எடுத்துடுங்க. தட்டு வேண்டாம், மூடி போட்ட டப்பா, ஸ்பூன், தண்ணி பாட்டில். பெரிய குப்பைப் பை நாலு எடுத்துப் போங்க. அக்கம்பக்கத்துக் கடைக்காரங்க புகார் பெரும்பாலும் குப்பையில்தான் தொடங்கும்.

பெல்லேர்வாசி:
யாருக்காவது வயித்துக்கு ஒத்துக்கலைன்னா கேஸ் எங்க மேல வருமா?

சட்டப்புள்ளி:
1996-ல் வந்த ஃபெடரல் உணவு நன்கொடைச் சட்டம் இருக்கு. பதிவான தொண்டு நிறுவனம் வழியா நல்லெண்ணத்தில் கொடுத்தா, படு அலட்சியம் இல்லாதவரை நஷ்டஈடு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. நேரா நீங்களே நீட்டாம ஒரு நிறுவனத்தோட பேரில் பண்ணுங்க. போலீஸ் டிக்கெட்டுக்கு இது பதில் ஆகாது. அதுக்கு அந்தச் சம்மதக் கடிதம்தான்.