ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹவர்கல் பிரையனின் இசையை நேரில் கேட்டவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லண்டனிலிருந்து:

நான் கேட்டிருக்கிறேன். 2011 ஜூலை 17, ராயல் ஆல்பர்ட் ஹால், மார்ட்டின் பிராபின்ஸ் கண்டக்டராக நின்று நடத்திய 'கோதிக்', அதாவது பிரையனின் முதல் சிம்பொனி. உட்காரும் டிக்கெட் எல்லாம் சீக்கிரமே தீர்ந்துபோனதால், ஐந்து பவுண்டு கொடுத்து நின்றுகொண்டே கேட்டேன். வாத்தியக்காரர்களும் பாடகர்களுமாகக் கிட்டத்தட்ட ஆயிரம் பேர். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

எல்லோரும் அதன் சத்தத்தைப் பற்றியே பேசுவார்கள். என்னை உலுக்கியது வேறு. இரண்டாம் பாகத்தில், ஆர்கெஸ்ட்ரா முழுக்க அடங்கி, 'யூடெக்ஸ்' (லத்தீனில் 'நீதிபதி') என்று கோரஸ் மட்டும் தனியாகத் தொடங்கும். ஒரு குரல் பிடித்த சுரத்தை ஒட்டியே அடுத்த குரல் வந்து உட்காரும். சுருதி எடுத்துக்கொடுக்க ஒரு வாத்தியமும் கிடையாது. பக்கத்தில் நின்ற பெரியவர் இசைக்குறிப்புப் புத்தகத்தைப் புரட்டியபடி வந்தார். அந்த இடத்தில் விரலைப் பக்கத்தில் வைத்து அப்படியே நின்றுவிட்டார்.

கோதிக்கை ஹவர்கல் பிரையன் 1919 முதல் 1927 வரை எழுதினார். முதன்முதலாக அரங்கேறியது 1961இல், அவருக்கு 85 வயதில். அதையும் பிரையன் ஃபேர்ஃபாக்ஸ் என்ற கண்டக்டர் பெரும்பாலும் அமெச்சூர் கலைஞர்களை வைத்துத்தான் நடத்தினார். பெரிய அமைப்புகள் செய்யாததை, வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்த்தவர்கள் செய்தார்கள்.

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டிலிருந்து:

அவர் எங்கள் ஊர்க்காரர். 1876இல் இங்கே டிரெஸ்டன் பகுதியில் பிறந்தார். (ஜெர்மனி என்று நினைத்துவிடாதீர்கள், இது பீங்கான் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி.) 12 வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தார். உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் எழுத நேரம் கிடைக்கட்டும் என்று ஆண்டுக்கு 500 பவுண்டு தர முன்வந்தார். அப்புறம் 1913 வாக்கில் குடும்பம் உடைந்து ஊரை விட்டுப் போனார். அதன்பின் நெடுங்காலம் வறுமை. பத்திரிகை எழுத்துதான் சோறு போட்டது. 'மியூசிக்கல் ஒப்பீனியன்' இதழில் வேலை பார்த்துக்கொண்டே சிம்பொனிகளை எழுதிக் குவித்தார். அதையெல்லாம் யாரும் மேடையில் வாசிக்கவில்லை.

லெஸ்டரிலிருந்து:

லண்டன் அண்ணா சொன்ன அமெச்சூர் விஷயத்துக்கு எங்கள் ஊரிலும் ஒரு சாட்சி இருக்கிறது. பிரையனின் இசை முதன்முதலாக விற்பனைக்கான ஒலித்தட்டுக்குப் பதிவானது 1972இல், இங்கே டி மான்ட்ஃபோர்ட் ஹாலில். வாசித்தவர்கள் லெஸ்டர்ஷயர் பள்ளிகள் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. பள்ளிப் பிள்ளைகள்! 10ஆவது சிம்பொனியும் 21ஆவதும். அதே ஆண்டு நவம்பரில் 96 வயதில் அவர் காலமானார்.

அந்த எல்பி எனக்குப் பழைய பொருள் கடை ஒன்றில் கிடைத்தது. 10ஆவதில் ஒரு புயல் வரும். காற்று இயந்திரமும் இடி இயந்திரமும் சேர்ந்து அடிக்கும். அங்கங்கே பிசிறு தட்டுகிறது, ஆனால் பிள்ளைகள் பயமில்லாமல் பாய்கிறார்கள். பிழையே இல்லாத வாசிப்பைவிட எனக்கு அதுதான் பிடிக்கிறது.

தன் சிம்பொனி ஒன்றை அவர் முதன்முதலாகக் கேட்டபோது அவருக்கு 78 வயது. 1954இல், பிபிசியில் இருந்த இசையமைப்பாளர் ராபர்ட் சிம்ப்சன் எடுத்த முயற்சியால் 8ஆவது சிம்பொனி ஒலிபரப்பானது. ஏட்ரியன் போல்ட் நடத்தினார். மொத்தம் 32 சிம்பொனிகளில் 12ஆவது முதல் கடைசி வரை, அதாவது 21 சிம்பொனிகள், 80 வயதைத் தாண்டிய பிறகு எழுதியவை. கேட்க ஆள் கிடைத்ததும் அந்தக் கை எப்படி ஓடியிருக்கிறது பாருங்கள்!

லண்டனிலிருந்து:

சரியாகச் சொன்னீர்கள், தங்கச்சி. புதிதாகக் கேட்பவர்கள் கோதிக்கில் தொடங்க வேண்டாம், திணறிப்போவீர்கள். முதலில் 10ஆவதைக் கேளுங்கள், இருபது நிமிடம்கூட வராது. அப்புறம் 8ஆவது. கோதிக்கை எந்த ஊரிலாவது மேடையேற்றினால் மட்டும் யோசிக்காமல் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.