ப்ளூ-ரே வட்டுகளுக்குக் காப்புநகல்: எம்பி4, எம்கேவி, ஐஎஸ்ஓ – எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

வணக்கம். நான் விலை கொடுத்து வாங்கிச் சேர்த்த ப்ளூ-ரே திரைப்பட வட்டுகள் ஏறத்தாழ 60 உள்ளன. சென்ற மாதம் அவற்றில் இரண்டு, கீறல் ஏதும் கண்ணுக்குத் தெரியாதபோதும், படத்தின் நடுவே நின்றுவிட்டன. மற்றவற்றையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, முதலில் ஒரு வட்டை எம்பி4 கோப்பாக மாற்றினேன். 38 ஜிபி இருந்த படம் 6 ஜிபியில் அடங்கியது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் சப்டைட்டில் ஒன்றுகூட இல்லை, ஒலி இரண்டு சேனலாகச் சுருங்கிவிட்டது, இருட்டான காட்சிகளில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிகிறது. என் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. சப்டைட்டில் இல்லையென்றால் அவருக்குப் படமே இல்லை. 60 வட்டுகளையும் மாற்றி முடித்த பிறகு வருந்துவதைவிட, எந்த வடிவத்தில் சேமிப்பது சரி என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1

ஒரே வட்டோடு நிறுத்திக் கேட்டது நல்லதாயிற்று. எம்பி4, எம்கேவி என்பவை வெறும் கொள்கலன்கள், அதாவது படம், ஒலி, சப்டைட்டில் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வைக்கும் உறைகள். அவற்றினுள் இருக்கும் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது தனிக் கேள்வி. ப்ளூ-ரேயில் படம் ஏற்கெனவே எம்பெக்-2, எச்.264, விசி-1 ஆகிய மூன்றில் ஒன்றால் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. அதற்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. நீங்கள் செய்தது அதை இரண்டாம் முறையாகச் சுருக்கியது. அதில் போன விவரம் பிறகு எந்த மென்பொருளாலும் திரும்பி வராது. இருட்டில் தெரிந்த பட்டைகள் அதன் விளைவுதான்.

சப்டைட்டில் மறைந்ததற்குக் காரணம் வேறு. ப்ளூ-ரேயின் சப்டைட்டில் எழுத்தாக இல்லை. பிஜிஎஸ் என்ற முறையில் ஒவ்வொரு வரியும் ஒரு சிறு படமாகப் பதிவாகியிருக்கிறது. எம்பி4 கொள்கலனில் அதற்கு இடமில்லை. ஆகவே மாற்றும் மென்பொருள் அதைத் திரைப்படத்தின் மீதே அழியாதபடி பதித்துவிடும், அல்லது விட்டுவிடும். எம்கேவியில் அந்தச் சிக்கல் இல்லை. பிஜிஎஸ் தடங்கள், டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகிய உயர்தர ஒலித் தடங்கள், அத்தியாயக் குறிகள் என அனைத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். படத்தை மீண்டும் சுருக்காமல் கொள்கலனை மட்டும் மாற்றும் இந்த வேலையைத்தான் ரீமக்ஸ் என்கிறார்கள்.

உங்களுக்கு என் பரிந்துரை அதுவே. ஒரு படத்துக்குச் சராசரியாக 32 ஜிபி என்று கொண்டாலும் 60 படங்களுக்கு 2 டெராபைட்டை எட்டாது. உங்கள் ஹார்ட் டிஸ்கில் கால் பங்குகூட நிறையாது. இடம் இருக்கும்போது தரத்தை ஏன் இழக்க வேண்டும்? எம்கேவியின் அடிப்படையான மத்ரோஸ்கா 2002-இல் தொடங்கிய திறந்த வடிவம். 2024 அக்டோபரில் ஆர்எஃப்சி 9559 என்ற இணையத் தர ஆவணமாகவும் வெளியாகிவிட்டது. நீண்ட காலச் சேமிப்புக்கு இது சிறிய ஆறுதல் அல்ல.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எம்கேவியில் வட்டின் மெனு வராது. மெனு, கூடுதல் காணொளிகள், அவற்றின் அமைப்பு எல்லாம் வட்டில் உள்ளபடியே வேண்டுமென்றால் முழு வட்டையும் ஐஎஸ்ஓ பிம்பமாக, அதாவது வட்டின் அச்சு நகலான ஒரே கோப்பாக எடுப்பதுதான் வழி. இரட்டை அடுக்கு வட்டு 50 ஜிபி வரை போகும். நான் மிகவும் விரும்பும் ஐந்தாறு வட்டுகளுக்கு மட்டும் அவ்வாறு வைத்திருக்கிறேன். ஆயினும் அதை மட்டுமே நம்ப வேண்டாம். 2008 பிப்ரவரியில் ப்ளூ-ரேயின் போட்டி வடிவமான எச்டி டிவிடியை டோஷிபா கைவிட்ட பிறகு, அந்த வட்டுகளின் மெனுக்களைச் சரியாக இயக்கும் கருவி கிடைப்பதே அரிதாகிவிட்டது. படமும் ஒலியும் தனியாக ஓடும் கோப்பு ஒன்று கையில் இருப்பது நல்லது.

இன்னொன்று: வட்டின் உள்ளே படமும் ஒலியும் இருக்கும் எம்2டிஎஸ் கோப்புகளில் மிகப் பெரியதைத் தேடி அதை மட்டும் நகலெடுக்காதீர்கள். சில படங்கள் பல எம்2டிஎஸ் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்பது பிளேலிஸ்ட் கோப்பில்தான் இருக்கும். நான் ஒரு முறை அப்படி எடுத்துவிட்டு, படத்தின் முதல் இருபது நிமிடங்கள் காணாமல் போனதைப் பல மாதங்கள் கழித்தே கண்டேன்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒரு வட்டை எம்கேவியாக ரீமக்ஸ் செய்தேன். கணினியில் விஎல்சியில் எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் அதே கோப்பை யுஎஸ்பி வழியாகத் தொலைக்காட்சியில் போட்டால் படமும் ஒலியும் வருகின்றன, சப்டைட்டில் மட்டும் வரவில்லை. அம்மா பார்ப்பது அங்கேதான்.

பதில் 1

கோப்பில் குறையில்லை. பல தொலைக்காட்சிகளின் உள்ளமைந்த பிளேயர் பிஜிஎஸ் படங்களைக் காட்டாது. எழுத்து வடிவ எஸ்ஆர்டியைக் காட்டும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் பிஜிஎஸ் தடத்தைத் திறந்தால், அந்தப் படங்களை வாசித்து எழுத்தாக்கித் தரும். ஆங்கிலத்தில் பெரிய ‘ஐ’யையும் சிறிய ‘எல்’லையும் அது குழப்பிக்கொள்ளும் என்பதால் ஒரு முறை படித்துத் திருத்திவிடுங்கள். பிறகு எம்கேவி கோப்பில் தடங்களைச் சேர்க்கும் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளைக் கொண்டு அதைக் கூடுதல் தடமாகச் சேருங்கள். பழைய பிஜிஎஸ் தடத்தை நீக்க வேண்டாம். எழுத்தாக இருப்பதால், தொலைக்காட்சி அனுமதித்தால், அம்மாவுக்கு ஏற்றபடி எழுத்தைப் பெரிதாக்கவும் முடியும்.

பதில் 3

ஒரே ஹார்ட் டிஸ்கில் இருப்பதைக் காப்புநகல் என்று நான் கொள்ள மாட்டேன். இரண்டாவது ஒன்றில் பிரதி எடுத்து, வேறு வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையை (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) இப்போதே எழுதிவைத்தால், ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பிட்டு எது கெட்டது என்று அறியலாம். நின்றுபோன அந்த இரண்டு வட்டுகளையும் தூக்கி எறியாமல் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள்; ஒன்று படிக்கத் திணறும் இடத்தை மற்றொன்று படித்துவிடுவது உண்டு.

கேட்டவர்

நண்பர் ஒருவரின் டிரைவில் போட்டுப் பார்த்தேன். இரண்டில் ஒன்று முழுமையாகப் படிக்கப்பட்டு, 34 ஜிபி எம்கேவியாகச் சேர்ந்துவிட்டது. மற்றது முன்பு நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறது. எஸ்ஆர்டி தடம் தொலைக்காட்சியில் தெளிவாக வருகிறது. நேற்றிரவு அம்மா ஒரு படத்தை முழுவதும் பார்த்தார்.