பத்து மணிக்கு பார் மூடும் நேரம், சேலம் புது பஸ் ஸ்டாண்டு பக்கம்: போலீஸிடம் என்ன கேட்கலாம்?

மெய்யனூர் கடைவீதி:
வணக்கமுங்க. எங்க தெருவில் ஒரு டாஸ்மாக் கடை, ஒட்டியே பார், கொஞ்சம் தள்ளி ஒரு ஹோட்டல் பார். ராத்திரி 9.45-லிருந்து 10.45 வரைதான் தொந்தரவே. பாதி ரோடு வரைக்கும் பைக், பூட்டின கடைப் படியில் குடி, உடைஞ்ச பாட்டில், வாய்த்தகராறு கைகலப்பாகிறது. ஜவுளிக்கடை வேலை முடிஞ்சு பஸ் ஏறப் போற பெண்கள் இந்தத் தெருவை விட்டுட்டு இருட்டுச் சந்து வழியா சுத்திப் போறாங்க. கடையை எடுக்கச் சொல்றது தனி விஷயம். இப்போதைக்கு இந்த ஒரு மணி நேரம் சரியாகணும். வியாபாரிகள் சங்கத்தில் மனு எழுதறோம். "ரோந்து வேண்டும்" என்பதுக்கு மேல என்ன எழுதலாம்? பார்காரரிடம் என்ன கேட்கலாம்?

பாயிண்ட் டூட்டி:
முதலில் காரணத்தைப் பாருங்க. டாஸ்மாக் கடையும் 10 மணிக்கு மூடுது, அதை ஒட்டின பாரும் அதே நேரம் மூடுது. 9.50-க்கு குவார்ட்டர் வாங்கினவர் எங்கே போய்க் குடிப்பார்? உங்க கடைப் படிதான். அதனால் ரோந்து வண்டி 11 மணிக்கு ஒரு சுற்று சுற்றிப் போனால் பயனில்லை. மனுவில் இப்படி எழுதுங்க: வெள்ளி, சனி, ஞாயிறு 9.30 முதல் 11 வரை நிலையான பாயிண்ட் டூட்டி, அதாவது சுற்றாமல் ஒரே இடத்தில் நிற்கும் காவல். ஒரு காவலர் பார் வாசலில், இன்னொருவர் தெரு பஸ் ஸ்டாண்டைத் தொடும் முனையில். ரோந்து வண்டி சுழல் விளக்கு எரிய நிற்கட்டும், ஓட வேண்டாம். கண்ணுக்குத் தெரிய நின்றாலே படியில் உட்காருவது குறையும். போதையில் தெருவில் ரகளை செய்பவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 355 இருக்கு: 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை.

போதை வாகனச் சோதனையை பார் வாசலிலேயே போடச் சொல்லாதீங்க. பார்த்தவுடன் பைக்கைச் சந்துக்குள் திருப்பிடுவாங்க, இருட்டில் நடக்கற பெண்கள் மேல அந்த வண்டி வரும். திரும்ப வழியே இல்லாத இடமாக, 300, 400 மீட்டர் தள்ளிப் போடணும். அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறணும். வாட்ஸ்அப்பில் தகவல் போக அவ்வளவு நேரம்கூட ஆகாது.

ஒரே மனுவை எல்லோருக்கும் அனுப்பினால் ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. சண்டை, பெண்கள் பாதுகாப்பு சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டருக்கு; பைக் நிறுத்தம் டிராஃபிக்குக்கு; 10 மணிக்கு மேல் விற்பனை மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்கு, இலவச எண் 10581; தெருவிளக்கு மாநகராட்சிக்கு, கம்ப எண்ணோடு. எல்லா நகலும் கமிஷனர் அலுவலகத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிடுங்க. இன்னொன்று, தெரிஞ்ச ஏட்டு செல்போனுக்கு அடிக்காதீங்க. 100 அல்லது 112-க்கு அடிங்க. அங்கே அடித்தால்தான் நேரமும் இடமும் பதிவாகும். காவலரைப் போடச் சொல்லிக் கேட்கும்போது அந்தப் பதிவுதான் உங்க ஆதாரம்.

வாசல் பொறுப்பு:
பார் நடத்தறவங்க பக்கத்திலிருந்து சொல்றேன். 9.30-க்குக் கடைசி ஆர்டர், 9.40-க்கு பில், 9.45-க்குப் பாட்டை நிறுத்தி எல்லா லைட்டையும் போடணும். 10 மணிக்குத்தான் எழுப்பினால் நூறு பேர் ஒரே நேரத்தில் வாசலில் மோதுவாங்க. சண்டை போட்ட இரண்டு கூட்டத்தையும் சேர்த்து வெளியே தள்ளுவதுதான் பெரிய தப்பு. உள்ளே ஓய்ந்த சண்டை ரோட்டில் மறுபடி தொடங்கும். ஒரு கூட்டம் போய்ப் பத்து நிமிஷம் கழிச்சு அடுத்தது, முடிஞ்சால் வேற வாசல் வழியா. பாட்டில், கிளாஸ் வாசலைத் தாண்டக் கூடாது. 21 வயசுக்குக் கீழே சரக்கே கிடையாது.

கேமரா கூரையில் இருந்தால் தலைமுடிதான் பதிவாகும். வாசலுக்கு உள்பக்கம் ஏழடி உயரம், வெளியே போறவர் முகத்தைப் பார்த்து. தெருவிளக்குக்கு எதிரா வைத்தால் முகம் கறுத்துடும். பதிவுக் கருவியின் கடிகாரத்தை வாரம் ஒருமுறை சரிபார்க்கணும், 20 நிமிஷம் பிந்தியிருந்தால் வழக்கில் அதையே பிடிச்சுக் கேட்பாங்க. 30 நாள் பதிவு நிற்கிற மாதிரி ஹார்ட் டிஸ்க் வேணும்.

எல்லாத்தையும்விட முக்கியம், ராத்திரி பைக்கை விட்டுட்டுப் போக இடம். காலை 9 மணி வரை காசு வாங்காத டோக்கன் கொடுத்தாலே பாதிப் பேர் ஆட்டோ ஏறுவாங்க. வண்டி திருடு போகுமோன்னு பயந்துதான் போதையில் ஓட்டறாங்க. 9.45-க்கு நாலு ஆட்டோ வாசலில் நிற்க ஸ்டாண்டில் பேசி, வாடகையை போர்டில் எழுதிடுங்க.

இரவு ஷிப்ட்:
"ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு, டீ குடிச்சிட்டுப் போறேன்" என்பது வீண். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆணுக்கு 100 மில்லி ரத்தத்தில் 120 மில்லிகிராமைத் தாண்டலாம். சட்ட வரம்பு 30. உடம்பு மணிக்கு 15 அளவில்தான் இறக்கும், டீயோ எலுமிச்சையோ அதை வேகப்படுத்தாது. 10 மணிக்கு முடிச்சவர் விடிகாலை 4 மணிக்கும் வரம்புக்கு மேலேதான் இருப்பார். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 185-ல் முதல் முறை 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. சோதனை செய்யறவங்களும் ஊதிப் பார்க்கும் கருவியில் ஆளுக்கு ஒரு புது ஊதுகுழல் போடணும். இப்பத்தான் குடிச்சவருக்கு வாயில் மிச்சமிருக்கும், 15 நிமிஷம் கழிச்சு ஊதச் சொல்லணும்.

படியில் விழுந்து கிடக்கறவரை மல்லாக்க விடாதீங்க, வாந்தி மூச்சுக்குழலுக்குள் போயிடும். இடது பக்கமா ஒருக்களிச்சு, மேல் காலை மடக்கி வைங்க. தலையில் அடிபட்டதையும் போதைன்னு நினைச்சு விட்டுடறாங்க, அதனால் பின்மண்டையைத் தடவிப் பாருங்க. கிள்ளினாலும் முழிக்கலை, இரண்டு மூச்சுக்கு நடுவில் பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம், காதில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. மோர், தண்ணி எதையும் ஊத்தாதீங்க.

சேர்வராயன்:
ஏற்காடு போறவங்களுக்கும் ஒண்ணு. அடிவாரத்தில் ஏறும்போது ஊதச் சொல்றது பாதி வேலைதான். குடிச்சவங்க இறங்கறது ஞாயிறு சாயங்காலம், 20 கொண்டை ஊசி வளைவு வழியா. சோதனை மேலே, இறங்கும் ரோட்டின் தொடக்கத்தில் இருக்கணும். மலைமேல் மனு மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகர கமிஷனருக்கு அல்ல.

மெய்யனூர் கடைவீதி:
நன்றிங்க. பார்காரர் பேசவே வரலைன்னா?

பாயிண்ட் டூட்டி:
இரண்டு வாரம் தேதி, நேரம், நடந்தது, 112-க்கு அடிச்ச நேரம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்க. 10 மணிக்கு மேல் விற்றது தனிப் பக்கம். அதோட நகலை டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் அமலாக்கப் பிரிவுக்கும் கொடுத்துட்டு, இன்ஸ்பெக்டர் முன்னிலையில் கூட்டம் கேளுங்க. உரிமத்தில் கை வைப்பாங்கன்னு தெரிஞ்சால் வந்து உட்காருவார்.