எலும்பு கேன்சர்ல ஆட்டோஃபேஜியை தூண்டணுமா, தடுக்கணுமா?

வேம்பு:
அக்கா பையனுக்கு 15 வயசு, முழங்கால் கிட்ட ஆஸ்டியோசார்கோமாங்கிற எலும்பு கேன்சர், கீமோ ஆரம்பிச்சாச்சு. சொந்தக்காரங்க குரூப்ல ஒரு ஃபார்வர்டு, விரதம் இருந்தா செல் தன்கிட்ட இருக்கிற கெட்டதை தானே தின்னு சுத்தமாயிடும் (இதைத்தான் ஆட்டோஃபேஜின்னு சொல்றாங்க), கட்டி வாடிடும், அதுக்குத்தான் 2016ல நோபல் குடுத்தாங்கன்னு. முழுசா தள்ளிவிட எனக்கு மனசு வரல. பழுதான மைட்டோகாண்ட்ரியா, கெட்டுப்போன புரதம் எல்லாம் லைசோசோம்ங்கிற செல்லோட செரிமானப் பைக்கு போய் கரையுதுங்கிறது உண்மைதானே. ஆட்டோஃபேஜிக்கு வேண்டிய பெக்லின் 1 ஜீன்ல ஒரு காப்பி போன எலிகளுக்கு கட்டி அதிகமா வந்துச்சுன்னு 2003லயே காட்டியிருக்காங்க. அப்ப தூண்டிவிடுறது நல்லதுதானே?

நுண்ணோக்கி:
இல்லங்க, அந்த ஃபார்வர்டை தயவுசெஞ்சு நிறுத்துங்க. ஜப்பான் விஞ்ஞானி ஓசுமிக்கு நோபல் குடுத்தது ஈஸ்ட் செல்லை வச்சு இந்த வேலை எப்படி நடக்குது, எந்தெந்த ஜீன் செய்யுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு, விரதத்துக்கு இல்ல. நீங்க சொன்ன எலிகளுக்கு வந்தது லிம்ஃபோமா (நிணநீர் கேன்சர்), நுரையீரல் கட்டி, ஈரல் கட்டி, அதுவும் கட்டி வர்றதுக்கு முன்னாடி நடக்கிற கதை. வந்த பிறகு நிலைமையே வேற. கட்டியோட நடுவுல ஆக்சிஜனும் இல்ல, குளுக்கோஸும் இல்ல, அங்க இருக்கிற கேன்சர் செல் தன் உறுப்புகளையே கரைச்சு சாப்பிட்டுத்தான் உயிரை பிடிச்சுக்கிட்டு இருக்கு. இதே ஆஸ்டியோசார்கோமால 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின், மெத்தோட்ரெக்ஸேட், அதாவது உங்க பையனுக்கு அனேகமா ஏத்துற அதே மூணு மருந்து, அதை போட்டதும் செல்லுல எச்எம்ஜிபி1ங்கிற புரதம் ஏறுது, ஏறினதும் ஆட்டோஃபேஜி கூடுது, செல் தப்பிச்சுக்குது. அந்த புரதத்தை அடக்கினா மருந்து நல்லா வேலை செய்யுது. அதனால தடுக்கிறதுதான் வழி. ஹைட்ராக்சிகுளோரோகுயின் லைசோசோமை முடக்கும், பழைய மருந்து, விலையும் கம்மி.

கால்நடை டாக்டர்:
ரெண்டு பேரும் ஒரே பக்கமா இழுக்கிறீங்க. பெரிய இன நாய்களுக்கு இதே நோய் வரும், முன்னங்கால் மணிக்கட்டு கிட்ட வீங்கி நொண்டிக்கிட்டு வரும், எக்ஸ்ரேல பார்த்தா எலும்பு பூச்சி அரிச்ச மாதிரி இருக்கும். காலை எடுத்து கார்போபிளாட்டின்ங்கிற கீமோ போட்டாலும் நிறைய நாய்க்கு பிறகு நுரையீரல்ல வந்துடும், குழந்தைங்களுக்கும் முதல்ல பரவுற இடம் அதுதான். அமெரிக்கால 324 வளர்ப்பு நாய்கள்ல அந்த சிகிச்சையோட சிரோலிமஸ் சேர்த்து பார்த்தாங்க, 2021ல முடிவு வந்துச்சு. அது செல் வளர்ச்சியை முடுக்கிற எம்டார் புரதத்தை தடுக்கிற மருந்து, ஆட்டோஃபேஜியை தூண்டும். ஒரு பிரயோஜனமும் இல்ல. சிரோலிமஸ் வேற பத்து வேலையும் செய்யும், ஒத்துக்கிறேன், ஆனா வேம்பு சொல்ற "தூண்டினா நல்லது" அங்க நிக்கல.

நுண்ணோக்கி, உங்களுக்கும் ஒண்ணு. ஒரு ஆய்வுல ஜெம்சிடாபின்ங்கிற கீமோ மருந்தை ரெண்டு ஆஸ்டியோசார்கோமா செல் வகைல போட்டு பார்த்தாங்க, ஒண்ணு மனுச செல், ஒண்ணு எலி செல். ஆட்டோஃபேஜியை தடுத்ததும் ஒண்ணு அதிகமா செத்துச்சு, இன்னொண்ணு மருந்துக்கு மசியவே மாட்டேன்னுடுச்சு. ஒரே நோய், ஒரே மருந்து.

நுண்ணோக்கி:
தெரியும், அதே ஆய்வுல எச்எஸ்பி27 புரதம் பாஸ்பேட் ஏறின நிலைல இருக்கான்னு பார்த்தா எந்த கட்டி எந்த பக்கம் போகும்னு முன்னாடியே சொல்ல வாய்ப்பிருக்குன்னும் சொன்னாங்க. அப்ப ஆளைப் பார்த்து தடுக்கணும், அவ்வளவுதான்.

கால்நடை டாக்டர்:
அந்த டெஸ்ட் நாளைக்கு ஆஸ்பத்திரில எடுத்துடலாமா? மாத்திரை விலை கம்மின்னு எழுதறீங்க, அதை படிச்சுட்டு ஒரு அப்பா மெடிக்கல் ஷாப்ல வாங்கிட்டு வந்தா? டாக்ஸோரூபிசினே இதயத்தை அடிக்கும், ஹைட்ராக்சிகுளோரோகுயின் இதயத்துடிப்பை குழப்பும், அந்த மாத்திரை கட்டியோட லைசோசோமை மட்டும் தேடிப்போய் முடக்காது.

வேம்பு:
மாத்திரை வேணாம் சார். ஆனா கீமோவுக்கு முன்னாடி ரெண்டு நாள் பட்டினி போட்டா நல்ல செல் தப்பிக்கும்னு எலில பார்த்திருக்காங்களே, பையன் எப்படியும் வாந்தியில எதுவும் சாப்பிடறதில்ல.

நுண்ணோக்கி:
அவன் சாப்பிடாததுதான் இப்ப பிரச்சினையே. வளர்ற பையன், மெத்தோட்ரெக்ஸேட் ஒரு சதுர மீட்டருக்கு 12 கிராம் வரைக்கும் போகும், சலைன் ஏத்தி ஏத்தி சிறுநீர்ல வெளியேத்தி, லியூகோவோரின்ங்கிற மாற்று மருந்து குடுத்து காப்பாத்துறாங்க. எடை இறங்கி, உடம்பு தாங்காம அடுத்த சைக்கிள் தள்ளிப்போச்சுன்னா நஷ்டம் நேரா அவனுக்கு. கீமோ வர்றதுக்கு முன்னாடி காலை வெட்டியும் அஞ்சுல ஒருத்தர்தான் பிழைச்சாங்க, இப்ப பரவாத நிலைல வந்தா மூணுல ரெண்டு பேர் கிட்ட பிழைக்கிறாங்க. டயட்டீஷியனை பாருங்க, இன்னைக்கே.

கால்நடை டாக்டர்:
இதுல நானும் அவர் கட்சி. ஆப்பரேஷனுக்கு அப்புறம் கட்டியில எத்தனை சதவீதம் செத்திருக்குன்னு ரிப்போர்ட் வரும், 90க்கு மேலன்னா நல்ல ரெஸ்பான்ஸ், அதை கேட்டு வாங்குங்க.

நுண்ணோக்கி:
90க்கு கீழ வந்தவங்களுக்கு என்ன பண்றோம் சொல்லுங்க? யூராமோஸ்-1ங்கிற பெரிய ஆஸ்டியோசார்கோமா ஆய்வுல ஐஃபோஸ்ஃபமைடு, எட்டோபோசைடுன்னு இன்னும் ரெண்டு கீமோ மருந்து சேர்த்து பார்த்தாங்க, பக்கவிளைவு கூடுச்சு, பலன் கூடல. அந்த பிள்ளைங்களுக்காகத்தான் நான் தடுக்கிற பக்கம் நின்னு பேசிக்கிட்டு இருக்கேன்.