மாருதி 800-ஐக் கரண்ட் வண்டியாக மாற்றினால் கிளட்ச் வேண்டுமா, வேண்டாமா?

800 பிரியன்:
வாட்ஸாப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. யாரோ ஒருவர் மாருதி 800-ன் எஞ்சினை இறக்கிவிட்டு மோட்டாரை ஏற்றியிருக்கிறார். "மொத்தம் ஒன்றரை லட்சம். ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீட்டர். கிளட்சைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன், கரண்ட் வண்டியில அதுக்கு என்ன வேலை?" என்று சிரிக்கிறார். மூன்று நாளில் எட்டுப் பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள், என் மச்சான் உட்பட.

பேட்டரி 72 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் என்று அவரே சொல்கிறார். பெருக்கினால் 7200 வாட் ஹவர், அதாவது 7.2 யூனிட். 650 கிலோ வண்டி ஊருக்குள் யூனிட்டுக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தாலே கையெடுத்துக் கும்பிடலாம். பேட்டரியை ஒட்டச் சுரண்டாமல் 20 சதவீதம் மிச்சம் வைத்தால் 57, 58-ல் நிறுத்திவிட வேண்டியதுதான். 120 எங்கிருந்து வந்தது? மலை இறங்கும்போது அளந்தாரா?

நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் வீட்டில் 1998 மாடல் 800 ஒன்று நிற்கிறது. எஞ்சின் புகை கக்குகிறது, பாடி இன்னும் உறுதி. குறைந்த செலவில் மாற்றலாமா என்று பார்க்கிறேன்.

பட்டறைவாசி:
120 கிடக்கட்டும் தம்பி. பொய் சொல்கிறவன் 200 என்றுகூடச் சொல்லுவான். கிளட்சைக் கழற்றிப் போட்டேன் என்கிறானே, எனக்கு வயிறு எரிந்தது அங்கேதான். கோயமுத்தூரில் 31 வருடமாக லேத் ஓட்டுகிறேன். ஐந்து வண்டிக்கு, மோட்டாரைக் கியர் பாக்ஸோடு இணைக்கிற கப்ளர் கடைந்து கொடுத்திருக்கிறேன். மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கண்ட்ரோலருக்குள் மாஸ்ஃபெட் என்கிற மின்னணு சுவிட்ச் ஷார்ட் ஆனால் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலும் வண்டி நிற்காது, மோட்டாருக்கு முழுக் கரண்டும் போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மோட்டாரைச் சக்கரத்தில் இருந்து பிரிக்க இடது கால் எதை மிதிக்கும்? சாமியையா?

கிளட்ச் வேண்டும். அவ்வளவுதான்.

வோல்ட்டு வாத்தியார்:
பட்டறைவாசி வந்துவிட்டார், இனி இந்தத் திரி உருப்பட்ட மாதிரிதான்.

பெட்ரோல் எஞ்சின் ஐட்லிங்குக்கு, அதாவது சும்மா ஓடுகிற வேகத்துக்குக் கீழே போனால் அணைந்துவிடும். அது அணையாமல் வண்டியை நகர்த்தத்தான் கிளட்ச். மோட்டாருக்கு ஐட்லிங்கே கிடையாது. நின்ற இடத்திலேயே முழு டார்க், அதாவது சுழற்றும் விசை கிடைக்கும். இரண்டாவது கியரில் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி போகும், பிரேக்கை மிதித்தால் நிற்கும். ஷார்ட் ஆனால் என்ன செய்வது என்று கேட்கிறார். டாஷ்போர்டில் சிவப்புப் பொத்தான் ஒன்று வைத்து, பேட்டரியை மோட்டாரோடு இணைக்கிற பெரிய சுவிட்சான மெயின் காண்டாக்டரை வெட்டு. அதற்காகக் கிளட்சோடு வருகிற ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் அத்தனையையும் சுமந்துகொண்டு ஊர் சுற்ற வேண்டுமா?

தாராபுரம் தம்பி:
மோட்டார் எது என்று யாருமே சொல்லவில்லையே? பழைய ஃபோர்க்லிஃப்டில் கழற்றிய, பிரஷ் வைத்த டி.சி. சீரிஸ் மோட்டாரா, இல்லை பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி.யா? அதற்குத் தகுந்த மாதிரி பதில் மாறும். அப்புறம், குறைந்த செலவு என்றால் எவ்வளவு?

பட்டறைவாசி:
சிவப்புப் பொத்தானாம். முழுக் கரண்ட் ஓடும்போது காண்டாக்டர் பல நேரம் வெல்டாகி ஒட்டிக்கொள்ளும் வாத்தியாரே. டி.சி.யை வெட்டும்போது எழும் தீப்பொறியைப் பார்த்திருக்கிறீர்களா? கரும்பலகையில் பார்த்திருக்க மாட்டீர்கள். கிளட்ச் ஒட்டாது. கால் வைத்தால் பிரியும். கேபிள் அறுந்தால் 800-க்கு எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

கிளட்ச் வேண்டும்.

வோல்ட்டு வாத்தியார்:
காண்டாக்டர் ஒட்டும், சரி. கிளட்சை மிதித்தால் என்ன ஆகும் என்று முழுசாகச் சொல்லுங்களேன். சீரிஸ் மோட்டாரில் கரண்ட் பாய்ந்துகொண்டிருக்கும்போது நீங்கள் கிளட்சை மிதித்தால் சுமை போய்விடும். சுமை இல்லாத சீரிஸ் மோட்டாருக்கு வேக வரம்பே கிடையாது. ஏறிக்கொண்டே போய், பிரஷ் உரசுகிற கம்யூட்டேட்டரின் செம்புக் கட்டைகள் பிய்த்துக்கொண்டு பறக்கும். பாலிடெக்னிக் லேபில் முதல் நாளே பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் இது. சீரிஸ் மோட்டாரைச் சுமையில்லாமல் ஸ்டார்ட் பண்ணாதே. உங்கள் கிளட்ச்தான் எமன்.

பட்டறைவாசி:
மோட்டார் வெடித்தால் மோட்டாரோடு போகும். வண்டி சுவரில் மோதினால் ஆளோடு போகும். எது லாபம் என்று பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுக்கவில்லையா?

ஆர்.டி.ஓ. அலைந்தவன்:
இரண்டு பேரும் மூச்சு விடுங்கள். 800 பிரியன், முதலில் சட்டத்தைப் பாருங்கள். 2016-ல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தித்தான் பழைய வண்டியை முழு மின்சாரத்துக்கு மாற்ற வழி செய்தார்கள். 1990 ஜனவரி 1-க்குப் பிறகு தயாரான வண்டிக்குத்தான் அது பொருந்தும், உங்கள் 1998 தப்பித்தது. ஆனால் லேத்தில் கடைந்து மாட்டியதெல்லாம் செல்லாது. ஏ.ஐ.எஸ். 123 தரப்படி புனே ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. மாதிரி வாகனச் சோதனை மையங்களில் சோதித்து ஒப்புதல் வாங்கிய கிட்டை, ஒப்புதல் பெற்ற ஆட்களே மாட்ட வேண்டும். அப்புறம் ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், பச்சை நம்பர் பிளேட் போட வேண்டும். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றும் வண்டிக்குள் பேட்டரி என்றும் இருந்தால், ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான். நான் இதற்காக ஏழு மாதம் அலைந்தேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். கடைசியில் வண்டியை விற்றுவிட்டேன்.

பட்டறைவாசி:
ஒப்புதல் வாங்கிய கிட்டில் கிளட்ச் உண்டா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

ஆர்.டி.ஓ. அலைந்தவன்:
நான் சொன்னது அதைப் பற்றி இல்லை.

பட்டறைவாசி:
நான் கேட்டது அதைப் பற்றித்தான்.

வோல்ட்டு வாத்தியார்:
2001-ல் பெங்களூரில் இருந்து ரேவா என்ற மின்சாரக் கார் வந்தது. ஆயிரக்கணக்கில் விற்றது, லண்டன் தெருவில்கூட ஓடியது. அதில் கிளட்ச் பெடல் எங்கே இருந்தது என்று பட்டறைவாசி காட்டினால் நான் இந்தத் திரியை விட்டே போய்விடுகிறேன்.

பட்டறைவாசி:
ரேவாவில் கியர் பாக்ஸே ஒரே வேகம்தான். பிறக்கும்போதே கரண்ட் வண்டியாகப் பிறந்தது. நாம் பேசுவது நாலு கியர் போட்டுப் பெட்ரோலுக்குச் செய்த வண்டியை. ஒட்டகத்தைக் காட்டிக் குதிரைக்கு ஏன் திமில் இல்லை என்று கேட்பீர்களோ? அப்புறம், ரேவா ரேவா என்று குதிக்காதீர்கள். அதற்கு முன்னாலேயே, 1993 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் லவ்பேர்டு என்று ஒரு மின்சாரக் கார் வந்தது. எங்கள் கோயமுத்தூர் சரக்கு.

சாலக்குடி ஓரத்தான்:
அண்ணே, லவ்பேர்டு சாலக்குடி. கேரளா. எடி கரண்ட் கண்ட்ரோல்ஸ் கம்பெனி. கோயமுத்தூருக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம், மொத்தத்தையும் சுருட்டிக்கொள்ளாதீர்கள்.

பட்டறைவாசி:
பங்கு என்ன பங்கு, மோட்டார் என்றாலே கோயமுத்தூர்தான். உங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் எந்த ஊர் என்று திருப்பிப் பாருங்கள்.

சாலக்குடி ஓரத்தான்:
எங்கள் வீட்டில் கிணறே இல்லை.

யாழ்ப்பாணத்து மொரிஸ்:
எங்கட ஊரில் மொரிஸ் மைனர் இன்னும் ஓடுது. தொண்ணூறுகளில் பெட்ரோல் தடை இருந்த காலம், சனம் இரண்டு சொட்டு பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில்தான் காரை ஓட்டினது. அதோடு பார்த்தால் உங்கட கிளட்ச் ஒரு பிரச்சினையே இல்லை. மொரிஸில் பின்சில்லுதான் இழுக்கும். கியர் பாக்ஸையும் தூக்கிப்போட்டு மோட்டாரை நேரே பின்சில்லுக்குப் போற புரொப்பெல்லர் ஷாஃப்டில் பூட்டலாம் என்று ஒரு யோசனை. ஆராவது செய்து பார்த்தனீங்களோ?

வோல்ட்டு வாத்தியார்:
அருமை! கியர் பாக்ஸே வேண்டாம் என்கிறார் அவர். இங்கே ஒருவர் கிளட்சைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

தாராபுரம் தம்பி:
மறுபடியும் கேட்கிறேன். பி.எல்.டி.சி. என்றால் கிளட்சை மிதித்தாலும் எல்லை மீறிச் சுற்றாது, பேட்டரி வோல்ட்டேஜ் எந்த வேகம் வரை தள்ளுமோ அங்கே நின்றுவிடும். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனாலும் வண்டி பாய்வதில்லை, இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஆகும். ஆக இருவர் சொன்ன பயமும் சீரிஸ் மோட்டாருக்கு உரியது. வீடியோவில் உள்ளது எது?

பட்டறைவாசி:
தம்பி, நீ சின்னப் பையன். எந்த மோட்டாராக இருந்தாலும் வால்பாறை ஏறும்போது கியர் மாற்ற வேண்டும். ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. கிளட்ச் இல்லாமல் கியரை இடித்துப் போட்டால், கியர்களின் வேகத்தை ஒன்றாக்குகிற சிங்க்ரோ வளையம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

வோல்ட்டு வாத்தியார்:
7 யூனிட் பேட்டரியை வைத்துக்கொண்டு வால்பாறை ஏறுகிறவனுக்குக் கிளட்ச் தேவையில்லை, கயிறு கட்டி இழுக்க லாரி தேவை.

பட்டறைவாசி என் மேல் ஏன் பாய்கிறார் என்று புதிதாக வந்தவர்களுக்குப் புரியாது. இரண்டு வருடம் முன்பு என் 800-க்குக் கப்ளர் கடைந்து கொடுத்தவர் இவர்தான். பழைய கிளட்ச் பிளேட்டின் நடு ஹப்பை வெட்டி எடுத்து, அதன் உள்ளே இருக்கிற பல் வரிசையை (ஸ்பிளைன்) இரும்பு உருளையில் வைத்து வெல்டு அடித்துக் கொடுத்தார். நாற்பதைத் தாண்டினால் கர்ரென்று சத்தம். ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் முள் அரை மில்லிமீட்டர் ஆடுகிறது. 31 வருட அனுபவம்!

பட்டறைவாசி:
பொதுவில் இழுத்துவிட்டீர்கள், சொல்லியே ஆக வேண்டும். அன்று நான் என்ன சொன்னேன்? ஃப்ளைவீலோடு, கிளட்ச் பிளேட்டோடு மாட்டுங்கள், பிளேட்டில் இருக்கிற நாலு ஸ்பிரிங் சின்ன ஆட்டத்தை விழுங்கிவிடும் என்றேன். "வேண்டாம், எடை கூடும்" என்றது யார்? மோட்டாரைத் தாங்கும் அடாப்டர் பிளேட்டுக்கு நாலு நூல், அதாவது அரை அங்குலக் கனத்தில் அலுமினியம் வாங்கச் சொன்னேன். இரண்டு நூல் தகடு வாங்கி வந்தீர்கள், காசு மிச்சம் என்று. வெல்டு அடித்தபின் சூடு ஆறாமலே "நேரமாச்சு" என்று வாங்கிக்கொண்டு போனதும் நீங்கள்தான். ஆறவிட்டு மறுபடி லேத்தில் கட்டி ஒரு கட் எடுத்திருந்தால் முள் அசைந்திருக்காது. இன்னும் கூலியில் 400 ரூபாய் பாக்கி.

வோல்ட்டு வாத்தியார்:
ஆடுகிற கப்ளருக்கு நான் கொடுத்ததே அதிகம்.

800 பிரியன்:
ஐயா, என் வண்டி? லித்தியம் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. ஈய பேட்டரியில் ஆரம்பிக்கலாமா என்றும் ஒரு எண்ணம். வீட்டில் முதல் 100 யூனிட் இலவசம்தானே, ஓட்டுகிற செலவாவது மிச்சமாகும்.

ஆர்.டி.ஓ. அலைந்தவன்:
அந்த 100 யூனிட் இரண்டு மாதத்துக்கு. உங்கள் ஃபிரிட்ஜும் ஃபேனுமே அதைத் தின்றுவிடும். ஈய பேட்டரி 12 வோல்ட் 100 ஆம்பியர் ஹவர் ஒன்று கிட்டத்தட்ட 30 கிலோ. ஆறு வைத்தால் 180. வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். வேகமாகக் கரண்ட் இழுத்தால் எழுதியிருக்கிற ஆம்பியர் ஹவரில் பாதிதான் கையில் வரும். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 24 செல், 50 கிலோவை ஒட்டி முடிந்துவிடும். ஆனால் நான் முதலில் சொன்னதைப் படித்தீர்களா?

பட்டறைவாசி:
180 கிலோ கூடுதலாக ஏற்றினால் மேட்டில் நின்று எடுக்கக் கிளட்ச் இன்னும் அவசியம்.

வோல்ட்டு வாத்தியார்:
மேட்டில் நின்று எடுக்க மோட்டாருக்குக் கிளட்ச் எதற்கு? எத்தனை தடவை சொல்வது? சைபர் ஆர்.பி.எம்.மில் டார்க்!

பட்டறைவாசி:
உங்கள் வண்டி இப்போது எங்கே நிற்கிறது வாத்தியாரே? ஷெட்டில். யார் சொல்வதைக் கேட்பது என்று தம்பியே முடிவு பண்ணட்டும்.

வோல்ட்டு வாத்தியார்:
உங்கள் கப்ளரால்தான் ஷெட்டில் நிற்கிறது.

800 பிரியன்:
என் மச்சான் அதே வீடியோவை மறுபடி அனுப்பியிருக்கிறான். "எப்போ ஆரம்பிக்கிறே?" என்று கேள்வி வேறு.

பட்டறைவாசி:
அந்த வீடியோவை இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இரண்டாவது நிமிடத்தில் அவன் உள்ளே உட்காரும்போது காலடியைப் பாருங்கள். மூன்று பெடல்! கிளட்ச் உள்ளே இருக்கிறது. கழற்றினேன் என்றது பச்சைப் பொய்.

வோல்ட்டு வாத்தியார்:
பெடல் இருந்தால் கிளட்ச் இருக்கிறது என்று அர்த்தமா? கழற்றச் சோம்பல் பட்டு அப்படியே விட்டிருப்பான்.

பட்டறைவாசி:
பெடல் தொங்காமல் நேராக நிற்கிறது. கேபிள் மாட்டியிருந்தால்தான் அப்படி நிற்கும். ஸ்கிரீன்ஷாட் போடுகிறேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாருங்கள்.