பிறவியிலேயே எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு வரன்: மாப்பிள்ளையிடம் யார் சொல்வது?

தாய்மாமன்:
என் அக்கா மகள் விஷயமாக உங்கள் கருத்து வேண்டும். அவளுக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். மாமா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். அரசு இலவசமாக எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். அதற்கு முந்தைய வருஷமே அவர் போய்விட்டார். அக்கா மருந்து தொடங்கியும் உடம்பு தேறாமல் 2006இல் இறந்தாள். ஊரில் காசநோய் என்றுதான் சொல்லியிருக்கிறோம். இவளுக்குப் பிறப்பிலேயே வந்துவிட்டது. தம்பிக்கு இல்லை. அவன் பிறந்த சமயம் பிரசவ வலி எடுத்ததும், குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க அக்காவுக்கு நெவிரபின் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளையும் நானும் என் அம்மாவும் வளர்த்தோம்.

இப்போது தூரத்துச் சொந்தத்தில் வரன் வந்திருக்கிறது. ஜாதகம் பொருந்திவிட்டது, அடுத்த மாதம் பூ வைப்பதாகப் பேச்சு. இவளோ, “அதற்கு முன்னால் அவரிடம் நானே சொல்லிவிடுவேன், இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம்” என்கிறாள். நான் வேண்டாம் என்கிறேன். தினமும் ஒரே ஒரு மாத்திரை. ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில் சில வருஷமாகவே ‘டி.என்.டி.’, அதாவது கிருமி தென்படவில்லை என்றுதான் வருகிறது. கணவனுக்குப் பரவாது என்று டாக்டரே சொல்கிறார். பரவாத ஒன்றை எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் ஒரே வாரத்தில் சொந்தபந்தம் முழுக்கத் தெரியும். நாளைக்குத் தம்பிக்கும் பெண் தரமாட்டார்கள். கஷ்டப்பட்டு ஆளாக்கிய பிள்ளைகள்.

கொங்குத்தறி:
ஐயா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் மறைப்பது தப்பு. என் சித்தி மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் மாப்பிள்ளைக்கு எச்.ஐ.வி. இருந்ததை மறைத்துவிட்டார்கள். அவள் மாத்திரை சாப்பிடுகிறவரைக் கட்டவில்லை, மாத்திரையே தொடங்காதவரைக் கட்டினாள். மூன்றாம் மாதம் கர்ப்பப் பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸ் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னபோதுதான் அவளுக்கே தெரியும், தனக்கும் வந்துவிட்டதென்று. அவள் அன்று கேட்ட கேள்வி, “அவங்க அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா?” என்பதுதான். தெரியும். அதை இன்று வரை அவள் மன்னிக்கவில்லை.

அதனால் சொல்லியே ஆக வேண்டும். அதுவும் பெண்ணும் பையனும் மட்டும் ரகசியமாகப் பேசிக்கொள்வதாக இருக்கக்கூடாது. நம் பக்கத்தில் கல்யாணம் என்பது இரண்டு குடும்பம் சேர்வது. பையனின் அப்பா அம்மாவை உட்காரவைத்து, பெரியவர்கள் பேச வேண்டும். அவர்கள் ஏற்றால் நடக்கட்டும்.

இரவு எட்டு மணி:
நான் ஆண், வயது 26. எனக்கும் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தேன். ஒருவர் யாருமே சொல்லக்கூடாது என்கிறார், இன்னொருவர் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும் என்கிறார். அந்தப் பெண் தானே சொல்கிறேன் என்று நிற்கிறாள். அதை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே இது நடக்கிறது. எனக்குத் தினம் இரண்டு வேளை மாத்திரை கொடுத்து, ‘ரத்தம் ஊறுவதற்கு’ என்றார்கள். எட்டாம் வகுப்பு படிக்கும்போது அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தின் வாசலில் பெரியம்மா வரிசையில் நின்றார், நான் பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் இருந்த போஸ்டரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டேன். பெரியம்மாவுக்குத் தெரியாது எனக்குத் தெரியும் என்பது. பல வருஷம் இருவரும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் மறைத்தோம். பள்ளி வயதிலேயே, 6 முதல் 12 வயதுக்குள் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே வழிகாட்டி வெளியிட்டது. நம் வீடுகளில் அது நடப்பதில்லை.

காலேஜ் ஹாஸ்டலில் மாத்திரை டப்பா குலுங்கிச் சத்தம் வரக்கூடாது என்று மேலே பஞ்சு வைத்து அடைப்பேன். லேபிளை வெந்நீரில் ஊறவைத்துக் கிழித்துவிடுவேன். எட்டு மணிக்கு எல்லோரும் மெஸ்ஸுக்குப் போகும்போது அறையில் தனியாக இருக்க ஏதாவது காரணம் வேண்டும். என் மையத்துக்கு வரும் இன்னொரு பையனுக்கு அந்தக் காரணம் தீர்ந்துபோனது, மாத்திரையை விட்டான். கொஞ்ச நாளிலேயே டி.பி. வந்து ஆளே உருமாறிப்போனான். மாமா, மறைத்து வாழ வேண்டிய வீட்டில் முதலில் விட்டுப்போவது மாத்திரைதான். கல்யாணமாகி மாமியார் வீட்டில் உங்கள் பெண் அந்த டப்பாவை எங்கே வைப்பாள்? மாத்திரை விட்டால் டி.என்.டி.யும் போய்விடும், பரவாது என்று நீங்கள் சொல்லும் உறுதியும் போய்விடும்.

வழக்கறிஞர் மதுரை:
சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன். எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. பிரிவு 8படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒருவரைத் தன் நிலையைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவரும் அதை வெளியே சொல்லக்கூடாது. கொங்குத்தறி ஐயா கவனிக்க வேண்டும்: பெண் வேண்டாம் என்ற பிறகு பெரியவர்கள் சபையில் வைத்துப் பேசினால் அது சட்டத்துக்கே விரோதமாகப் போகலாம்.

தாய்மாமனும் கவனிக்க வேண்டும். பிரிவு 10 பரவாமல் தடுக்கும் கடமையைச் சம்பந்தப்பட்டவர் மேல் வைக்கிறது. முன்கூட்டிச் சொல்வது அதற்கான வழிகளில் ஒன்றாகத்தான் வருகிறது, ஒரே வழியாக அல்ல. ஆனால் இந்து திருமணச் சட்டம் பிரிவு 12இன்படி, முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் பெற்றதாகச் சொல்லித் திருமணத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். அப்படி ஒரு வழக்கு வந்தால் இவள் பெயர் நீதிமன்றம் வரை போகும். நீங்கள் பயப்படும் அதே ஊர்ப்பேச்சு அப்போது பல மடங்கு வரும்.

1998இல் உச்ச நீதிமன்றம் எச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமை ‘நிறுத்திவைக்கப்பட்ட உரிமை’ என்று எழுதியது. அந்த வழக்குக்கு அப்படிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை என்று 2002இல் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே கல்யாணம் செய்யும் உரிமை இவளுக்கு முழுசாக உண்டு, யாரும் சலுகையாகத் தர வேண்டியதில்லை.

தாய்மாமன்:
வக்கீல் சாருக்கு நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். சர்க்கரை இருக்கிற பையன் வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டா பெண் எடுக்கிறார்கள்? வாழ்நாள் முழுக்க மாத்திரை, அதுவும் அப்படித்தானே? அப்பாவும் அம்மாவும் போன பிள்ளை. பள்ளியில் விஷயம் எப்படியோ கசிந்து, மற்றப் பெற்றோர் வந்து நின்று, ஆறாம் வகுப்பில் வேறு பள்ளிக்கு மாற்றினேன். அவள் அன்று ஸ்கூல் பேகை முன்பக்கமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் வண்டியில் உட்கார்ந்து வந்தாள். இன்னொரு தடவை அவளை யாரும் அப்படி வெளியே அனுப்பக்கூடாது. எனக்கு அவ்வளவுதான்.

இரவு எட்டு மணி:
மாமா, அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சர்க்கரைக்காக யாரையும் பள்ளியை விட்டு அனுப்புவதில்லை. நம்மை அனுப்புகிறார்கள். அதனால்தான் நமக்கு முன்பே தெரிந்து ஏற்கும் ஆள் வேண்டும். சொன்ன பிறகு அவன் போய்விட்டால் போகட்டும். மூன்று வருஷம் கழித்து, கையில் குழந்தையோடு அவள் திரும்பி வருவதை விட இப்போது போவது நல்லது.

வானம் பார்த்த பூமி:
இவ்வளவு சிக்கல் எதற்கு? எச்.ஐ.வி. உள்ள பையனாகப் பார்த்துக் கட்டிவைத்தால் முடிந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் சேர்ந்து நடத்தும் பாசிட்டிவ் நெட்வொர்க்குகளே வரன் பார்த்துத் தருகின்றன.

இரண்டு பிள்ளைத் தாய்:
நான் அப்படித்தான் கட்டினேன். இருவருக்கும் உண்டு, பிள்ளைகள் இருவருக்கும் இல்லை. ஒரே நேரத்தில் அலாரம் அடிக்கும், சேர்ந்து மாத்திரை போடுவோம். வீட்டுக்குள் ஒளிக்க எதுவும் இல்லாத நிம்மதி பெரியது. இதைக் குறைவாக யாரும் பேச வேண்டாம்.

இரவு எட்டு மணி:
அக்கா, உங்களுக்குப் பிடித்து நீங்கள் தேர்ந்ததை நான் குறை சொல்லவே மாட்டேன். ‘கட்டிவைத்தால் முடிந்தது’ என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. குணம், படிப்பு, மனசு எதையும் பார்க்காமல் கிருமி பொருந்துகிறது என்று ஜோடி சேர்ப்பது எங்களை ஒதுக்குவதன் இன்னொரு வடிவம். எனக்கு வந்த மூன்றாவது வரனிலேயே அது புரிந்துவிட்டது.

மைய ஆலோசகர்:
தென் மாவட்டத்தில் ஒரு ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். தாய்மாமன் சொன்ன மருத்துவ விஷயம் சரி. ஒருவருக்கு இருந்து துணைக்கு இல்லாத 888 ஜோடிகளை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஆணுறை இல்லாமல் 58,000 தடவைக்கு மேல் உறவு நடந்தும், மருந்தால் கிருமி கட்டுப்பட்ட துணையிடமிருந்து ஒருவருக்குக்கூட வரவில்லை. குழந்தைக்கும் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்து ஒற்றை நெவிரபின் மாத்திரை ஆபத்தைப் பாதியளவுக்குத்தான் குறைத்தது, இவள் தம்பி தப்பியது அதிர்ஷ்டமும் சேர்ந்து. இன்று அம்மா ஒழுங்காக மருந்து எடுத்து, பிறந்த குழந்தைக்கும் சொட்டு மருந்து கொடுத்தால் ஆபத்து மிகமிகக் குறைவு. குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் தொடங்கி 18ஆம் மாதம் வரை பரிசோதனை உண்டு.

ஆனால் இந்த அறிவியல் எல்லாம் அந்தப் பையனுக்கும் தெரிய வேண்டும் அல்லவா? அவன் கர்ப்பப் பரிசோதனை சீட்டிலிருந்து தெரிந்துகொண்டால் 888 ஜோடிக் கணக்கு அவன் காதில் ஏறாது. நான் பார்த்தவரை, பெண்ணே நேரில் சொல்லி, மறுநாளே இருவரும் மையத்துக்கு வந்து டாக்டரிடம் கேள்வி கேட்ட இடங்களில் சிலது நின்றது, சிலது நடந்தது. நடந்தவை நிலைத்தன.

கொங்குத்தறி:
சரி, பெண் சொல்லட்டும். சபையில் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் பையனைப் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தைகூட இல்லாமல் எப்படி? பின்னால் தெரிந்தால் இவளைத்தானே ஏசுவார்கள்?

மைய ஆலோசகர்:
அது அவன் முடிவு செய்ய வேண்டியது. அவன் வீட்டில் அவன் சொல்லட்டும், இவள் சம்மதத்தோடு.

கொங்குத்தறி:
எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. என் சித்தி மகளை நினைத்துத்தான் சொல்கிறேன்.

தாய்மாமன்:
நேற்று இரவு அவளிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். “ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்கு வரச் சொல்லியிருக்கேன் மாமா, நீங்க வர வேண்டாம்” என்றாள். தம்பியிடமும் பேசியிருக்கிறாள். “எனக்குப் பெண் கிடைக்காதுன்னு அக்கா வாயை மூட வேண்டாம்” என்று அவன் சொன்னானாம். பாட்டிக்கு இன்னும் சொல்லவில்லை. எனக்குப் பயம் போகவில்லை, ஆனாலும் தடுக்கப்போவதில்லை. ரிப்போர்ட்டை முன்கூட்டியே அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று கேட்டாள், அதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.

இரவு எட்டு மணி:
அனுப்ப வேண்டாம், மாமா. எழுத்திலும் போட்டோவிலும் எதுவும் போகக்கூடாது. பையில் வைத்துக்கொண்டு போகட்டும், வாய்விட்டுச் சொன்ன பிறகு, அவன் கேட்டால் கையில் காட்டட்டும். காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். கூட்டமான ஹோட்டலாக இல்லாமல், பேச இடம் இருக்கும் இடமாகப் பார்க்கச் சொல்லுங்கள். நம்பிக்கையான தோழி ஒருத்தி பக்கத்தில் எங்காவது இருக்கட்டும். இரவு எட்டு மணிக்கு மேல் ஆனால் மாத்திரையும் பையில் இருக்கட்டும்.